வீட்டுத் தரையும் மேசனும்

கல்முனைக் கரையோரத்தில் வீடு என்று சொன்னால் அது பெரும்பாலும் பெண்பிள்ளையின் வீடாகும். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் மணமகன் மணமகளின் வீட்டிற்கு வந்து குடியிருத்தலே நெடுநாள் வழக்கம். ஆகையால், மகளுக்கு மாப்பிள்ளை பேசுமுன் வீட்டை முடித்துவிட வேண்டுமென்னும் கவலை வாப்பாவையும் உம்மாவையும் பல ஆண்டுகள் வாட்டுகின்றது. அதற்கான பணத்தில் ஒரு பகுதி, எத்தனையோ குடும்பங்களில், வளைகுடா நாடுகளில் உழைப்பவர் அனுப்பியதாகும். அத்திவாரத்தில் தொடங்கிய செலவு கூரையைக் கடந்து தரைக்கு வரும்போது கையிருப்பும் தேய்ந்திருக்கும், பொறுமையும் தேய்ந்திருக்கும். கலியாண நாள் வேறு நெருங்கி நிற்கும். இந்த அவசரத்திலேதான் அகப்பட்டவரை அழைத்துத் தரையோடு பதிக்கும் வேலை ஒப்படைக்கப்படுகின்றது.

தரையோடு என்று இங்கே குறிப்பது, மக்கள் நாவில் 'டைல்ஸ்' என வழங்கும் பொருளையே. முன்னாளில் சாணமிட்டு மெழுகிய மண்தரை இருந்தது. பின்னர் சிவப்புச் சாயம் கலந்து மினுக்கிய சீமெந்துத் தரை வந்தது. சீமெந்துத் தரையில் வெடிப்பு விழுந்தால் ஒரு சட்டிச் சாந்தில் காரியம் முடிந்துவிடும். தரையோடு அவ்வாறன்று. ஒன்றைப் பெயர்த்தால் பக்கத்திலுள்ளதும் உடையக்கூடும். அதே நிறத்தில் வேறொன்று கடையில் அகப்படுவதும் அரிது. 2020 ஆம் ஆண்டில் தரையோட்டு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, குளியலறையை அரைகுறையாக விட்டுக் காத்திருந்தோர் இதனை நன்கு அறிவர். அக்கட்டுப்பாடு பின்னர் தளர்த்தப்பட்டது.

மேசன்மாரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கியெழுந்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின் கரையோரமெங்கும் ஒரே காலத்தில் வீடுகள் எழும்பலாயின. தேர்ந்த மேசன்மாருக்குப் பெருந்தட்டுப்பாடு உண்டாயிற்று. சாந்து குழைத்துக் கொடுத்த கையாட்கள் சிலர் விரைவிலேயே கரண்டி பிடித்தனர். அவர்களில் அனுபவத்தால் முதிர்ந்து நல்ல கைவினைஞரானோர் உண்டு. கற்றுக்கொள்ளாமலே முதிர்ந்தோரும் உண்டு. வெளித்தோற்றத்தில் இருவரையும் வேறுபடுத்தி அறிதல் எளிதன்று.

அறிவதற்கு ஒரு வழி சான்றிதழ். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் மேற்பார்வையில், ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறை இந்நாட்டில் நடைபெறுகின்றது. பயிற்சி நிலையத்துக்குச் செல்லாமல் வேலைத்தலத்திலேயே தொழில் கற்றவரும், தம் திறனைச் செய்துகாட்டித் தகைமை பெற அதில் இடமுண்டு. சான்றிதழ் உள்ளவரை விரும்பி அழைத்தல் நன்று. ஆயினும் அதைவிட உறுதியான சாட்சி ஒன்று இருக்கின்றது: அவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் பதித்த தரை. புதிதாகப் பதித்த தரை எல்லாம் அழகாகவே இருக்கும். மூன்று மாரி கண்ட தரைதான் உண்மையைச் சொல்லும். அவர் வேலை செய்த இரண்டொரு வீட்டாரிடம் அனுமதி பெற்றுச் சென்று, ஒரு நாணயத்தால் தரையைத் தட்டிப் பார்க்கலாம். கனத்த ஓசை வந்தால் அடியில் சாந்து நிறைந்திருக்கின்றது. பொள்ளலான ஓசை வந்தால் அடியில் வெற்றிடம். பின்பு குளியலறையில் ஒரு வாளி நீரை ஊற்றவேண்டும். நீர் ஒரு மூலையிலும் தங்காமல் வடிகாலை நாடிச் சென்றால் அந்த மேசனுக்கு இரசமட்டம் பிடிக்கத் தெரியும். ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு இருந்தால் போதுமானது.

அடுத்தது அளவு. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். பெரும்பாலும் ஏமாற்றுவார் எவரும் இல்லாமலே ஏமாறுகின்றனர். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் 'இரண்டடி ஓடு' என்று விற்பது உண்மையில் 600 மில்லிமீற்றர். இரண்டடியோ 610 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பரப்பளவைக் கொண்டு கணக்கிட்டால் 31 ஓடு வேண்டும். உடைவுக்கும் வெட்டுக்கும் நூற்றுக்குப் பத்துச் சேர்த்தால் 34 அல்லது 35. இனி, மேசன் ஒரு சுவரிலிருந்து முழு ஓடாகப் பதித்துக்கொண்டே போனால், இடைவெளி 3 மில்லிமீற்றர் விட்டு ஆறு ஓடு முடிந்ததும், எதிர்ச்சுவர் ஓரத்தில் நான்கு சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஒரு நாடா எஞ்சும். அகலத்திலும் அவ்வாறே மூன்று சென்ரிமீற்றர் எஞ்சும். அந்த நாடாத் துண்டுகள் பார்வைக்கும் அழகில்லை; வெட்டும்போதும் உடையும், பதித்த பின்னும் எளிதிற் பெயரும். தேர்ந்த மேசன் அறையின் நடுவில் நூல் பிடித்துத் தொடங்கி, இரு சுவரோரங்களிலும் அரை ஓட்டிலும் சற்றுப் பெரிய துண்டு வரும்படி பங்கிடுவார். ஆனால் அரை ஓட்டிலும் பெரிய துண்டை வெட்டிய பின் மிஞ்சுவது எதிர்ப்பக்கத்துக்குப் போதாது. ஆகவே ஒரு வரிசைக்கு ஏழு, ஆறு வரிசைக்கு 42 ஓடு தேவைப்படும். கடைக்கணக்கு 35, வேலைக்கணக்கு 42. அழகைப் பெரிதென எண்ணுவோர் 42 வாங்கட்டும். சிக்கனத்தைப் பெரிதென எண்ணுவோர் அந்த நாடாவை அலுமாரி நிற்கும் சுவரோரத்துக்குத் தள்ளிவிடட்டும். எதுவாயினும், ஓடு வாங்குமுன் மேசன் அறையை அளந்து, வரைந்து காட்டி, வீட்டுக்காரரின் விருப்பத்தைக் கேட்கவேண்டும். கேளாமலே 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பவரை நம்பிப் பணம் கொடுத்தல் தக்கதன்று.

கரையோர மண்ணுக்கு உரிய சங்கடங்கள் வேறு. வீட்டு வாசலிலேயே மணல் கிடக்கின்றதே என்று கடல் மணலை அள்ளிச் சாந்தில் கலந்தால், அதிலுள்ள உப்பு ஈரத்தோடு மேலெழுந்து ஓட்டிடைகளில் வெண்மையாகப் பூக்கும். எத்தனை முறை துடைத்தாலும் மீண்டும் பூக்கும். நிலத்தடி நீர் ஆழமின்றி நிற்கும் இடங்களில், கொங்கிறீற்றுக்கு அடியில் தடித்த பொலித்தீன் விரித்தல் இன்றியமையாதது. மாரிகாலத்தில் ஈரம் காயாத தளத்தின்மேல் பதித்தலும் தவறு; கச்சான் காற்று வீசும் காலத்தில் சாந்துக்கு நீர் தெளியாது விடுதலும் தவறு. அக்காற்று சீமெந்து இறுகுவதற்கு வேண்டிய நீரை ஓரிரு மணி நேரத்திலேயே குடித்துவிடும்.

ஓட்டின் வகையறிந்து ஒட்டவும் வேண்டும். சுவரோடு நூற்றுக்குப் பத்துக்கு மேல் நீர் உறிஞ்சும். அதனை நீரில் ஊறவைத்துச் சீமெந்தில் பதிக்கலாம். 'போசிலின்' எனப்படும் உயர்ந்த வகையோ நூற்றுக்கு அரையளவுதானும் உறிஞ்சுவதில்லை. அதனை வெறுஞ் சீமெந்துக் கரைசல் பற்றாது; அதற்கென விற்கும் பசையே வேண்டும். பசையைப் பல்லுள்ள கரண்டியால் முழுப்பரப்பிலும் தடவாமல், நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்திவிட்டுப் போவாரும் உளர். கட்டிற்கால் அந்த வெற்றிடத்தின்மேல் நின்ற அன்றைக்கு ஓடு வெடிக்கும்.

மினுமினுக்கும் ஓட்டைக் குளியலறையிலும் வுழூச் செய்யும் இடத்திலும் பதித்தல் ஆபத்தானது. முதியோர் ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், எழுந்து நடமாடாமலே போவதுமுண்டு. நனையும் தரைக்குச் சொரசொரப்பானதைக் கேட்டு வாங்கவேண்டும். பெட்டியில் 'ஆர் 10', 'ஆர் 11' எனும் குறி வழுக்காமையின் அளவைக் காட்டும்.

கூலி பேசுதல் இவ்வூர்களில் தனிச் சங்கடம். மேசன் அயலவராகவோ மச்சான் முறையினராகவோ இருப்பார். கடதாசியில் எழுதக் கேட்டால் நம்பவில்லை என்று முகம் கோணுவார். கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்தல் பற்றியே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் பேசுகின்றது என்பதை இருவருமே அறிவர், அறிந்தும் எழுதுவதில்லை. புதுத் தரைக்குச் சதுர அடிக் கணக்கிலும், திருத்த வேலைக்கு நாட்கூலியிலும் பேசுதல் உத்தமம். படிகள், சுவரடி ஓரப்பட்டி, பழைய தரையை உடைத்தல், இடிபாடுகளை அகற்றல் ஆகியன கூலியில் அடங்குமா என்பதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடலாம். முற்பணம் சிறிதாக இருக்கட்டும். வேலை நகர நகரக் கூலியைத் தாமதியாமல் கொடுக்கட்டும். பத்திலொரு பங்கை மட்டும், தரையைத் தட்டிப் பார்த்து நீர் ஊற்றிச் சோதித்த பின் கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளட்டும். வீட்டுக்காரருக்கும் ஒரு கடமை உண்டு. போசிலினை நீரின்றி அறுக்கும்போது பறக்கும் தூள் மேசனின் நுரையீரலைக் கெடுப்பது. நீர்விட்டு அறுக்க வசதி செய்து கொடுத்தல் பெரிய செலவன்று.

திருத்த வேலையில் முதற்கேள்வி, ஓடு ஏன் பெயர்ந்தது என்பது. அடியில் நீர்க்குழாய் கசிந்தால், ஓட்டை மாற்றி ஆவதென்ன? சுவரோரத்தில் இடைவெளி விடாது நெருக்கிப் பதித்திருந்தால் வெப்பத்தில் விரிந்து நடுவில் கூரைபோல் எழும்பும். எழும்பியதை மட்டும் மாற்றினால் அடுத்தது எழும்பும். காரணம் தேடாமல் உளியை எடுக்கும் மேசனை நிறுத்தி வைக்கலாம். உடைந்ததை எடுக்கையில் முதலில் சுற்றியுள்ள இடைப்பூச்சை அறுத்து விலக்கி, ஓட்டின் நடுவிலிருந்து ஓரம் நோக்கி உடைத்து வரவேண்டும். இக்காலத்தில் தேவைப்படும் என்பதற்காகவே, முதல் நாளில் மிஞ்சிய நாலைந்து ஓட்டையும், தொகுதி இலக்கம் அச்சிட்ட பெட்டி மூடியையும் வீட்டுப் பத்திரங்களைப் போலப் பேணிவைத்தல் வேண்டும்.

இத்தனையும் செய்தும் தகராறு வந்தால், உடனே வழக்கறிஞரை நாட வேண்டியதில்லை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள், சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட இத்தகைய பணப்பிணக்குகளை விசாரித்து இணக்கம் காண முயல்கின்றன. அங்கே செல்லும்போது அந்த ஒற்றைத் தாளையும், பணம் கொடுத்த நாட்களின் குறிப்பையும் கொண்டு செல்லவேண்டும்.