வீட்டு மெயில் சர்வர்: எந்த வழியா போகணும், எந்தப் பேர்ல போகணும்?

இந்த எபிசோட் முழுக்க போஸ்ட்ஃபிக்ஸ் பத்திதான். ஐபிஎம்-ல இருந்த வீட்சே வெனிமா எழுதி 1998-ல வெளிவந்த மெயில் சர்வர் அது. இன்னைக்கும் வீட்டு நெட்வொர்க்குக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

முதல்ல, வீட்டுக்கு எதுக்கு மெயில் சர்வர்? ஒரு ராஸ்பெர்ரி பை, ஒரு பழைய லேப்டாப், போட்டோ பேக்கப்புக்கு ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. இந்த மூணு இருந்தாலே அதுங்க மெயில் எழுத ஆரம்பிச்சிடும். டிஸ்க் கெட்டுப்போகுதுன்னு ஸ்மார்ட்-டி எழுதும், கரண்ட் போச்சுன்னு யுபிஎஸ் மென்பொருள் எழுதும். அந்த மெயில் நம்ம போனுக்கு வந்து சேரலைன்னா, பத்து வருஷ குடும்ப போட்டோ போன பிறகுதான் விஷயமே தெரியும்.

ஏன் சேராது? ரெண்டு காரணம். ஒண்ணு, வழி இல்லை. வீட்டு இணைப்புல வெளியே போற போர்ட் 25-ஐ பல இணைய நிறுவனங்கள் மூடி வச்சிருப்பாங்க. திறந்திருந்தாலும் நம்ம ஐபி மாறிக்கிட்டே இருக்கும், அதுக்குச் சரியான ரிவர்ஸ் டிஎன்எஸ் இருக்காது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதையெல்லாம் கறாராவே பார்க்குது. ரெண்டாவது, பேர் செல்லாது. பை அனுப்புற மெயில்ல அனுப்புநர் ரூட் அட் பை டாட் ஹோம் டாட் ஆர்பா. ஹோம் டாட் ஆர்பா வீட்டுக்குள்ள மட்டும் பயன்படுத்த 2018-ல ஆர்எஃப்சி 8375 ஒதுக்கின பேர். வெளியுலகத்துக்கு அப்படி ஒரு முகவரியே கிடையாது.

வழியும் பேரும் வேற வேற விஷயம். இது புதுச்சேரிக்காரங்களுக்கு ஈசியா புரியும். சேதராப்பட்டுல இருந்து எல்லை தாண்டினா தமிழ்நாடு. ஆனா புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் பின்கோடு 605-லதான் தொடங்கும். அதே நேரம் காரைக்கால் நம்ம யூனியன் பிரதேசம், அங்க 609. மாஹேக்கு 673, ஏனாமுக்கு 533. முகவரியில மாநிலம் எதுவா இருந்தாலும், தபால் போற பாதையை முடிவு பண்றது பின்கோடுதான். போஸ்ட்ஃபிக்ஸ்லயும் அப்படித்தான், வழிக்கு ஒரு அமைப்பு, பேருக்கு ஒரு அமைப்பு.

முதல்ல வழி. எல்லா மெஷினும் தனித்தனியா வெளியே போக வேண்டாம். லேப்டாப்பை மட்டும் வாசலா வச்சுக்கலாம். பையில ரிலேஹோஸ்ட்-ங்கிற வரியில லேப்டாப்போட உள் ஐபியைக் கொடுத்து, மைடெஸ்டினேஷனைக் காலியா விடுங்க. பைக்கு வேற வேலை இல்லை, வர்றதை எல்லாம் வாசலுக்குத் தள்ளிடும்.

லேப்டாப்ல மைடெஸ்டினேஷன்ல வீட்டுப் பேர்கள் எல்லாம் வரணும். ஹோம் டாட் ஆர்பா, பை டாட் ஹோம் டாட் ஆர்பா இப்படி. அந்த முகவரிகளுக்கு வர்றது உள்ளேயே நின்னுடும். மத்ததெல்லாம் அதோட ரிலேஹோஸ்ட் வழியா போகும், அதாவது நீங்க கணக்கு வச்சிருக்கிற மெயில் சேவையோட சர்வர், போர்ட் 587. சர்வர் பேரைச் சதுர அடைப்புக்குள்ள போடுங்க. போடலைன்னா போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பேருக்கு எம்எக்ஸ் பதிவு தேடிக்கிட்டு வேற சர்வருக்குப் போயிடலாம். கூடவே டிஎல்எஸ் கட்டாயம், யூசர்நேம், பாஸ்வேர்ட் வேணும். ஜிமெயில்னா டூ ஸ்டெப் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுத்துக்கணும். அந்த பாஸ்வேர்ட் கோப்பை ரூட் மட்டும் படிக்கிற மாதிரி வைங்க.

அப்புறம் மைநெட்வொர்க்ஸ். அதுல வீட்டு நெட்வொர்க் மட்டும்தான் இருக்கணும். உலகத்துக்கே திறந்து விட்டா, ஸ்பாம் அனுப்புறவங்களுக்கு நம்ம வீடு சத்திரம் ஆயிடும். ரவுட்டர்ல போர்ட் 25-ஐ உள்ளே திருப்பி விடவும் தேவையில்லை. நாம அனுப்ப மட்டும்தான் போறோம்.

இப்ப பேர். இங்க கெனானிக்கல், ஜெனரிக்னு ரெண்டு அட்டவணை இருக்கு. கெனானிக்கல், மெயில் வரிசைக்குள்ள வரும்போதே மாத்திடும். அதனால வீட்டுக்குள்ளயே இருக்கிற மெயில்லயும் பழைய பேர் போயிடும், எந்த மெஷின் எழுதுச்சுன்னு தெரியாது. எஸ்எம்டிபி ஜெனரிக் மேப்ஸ் அப்படி இல்லை. எஸ்எம்டிபி வழியா வெளியே போற நேரத்துலதான் மாத்தும். வீட்டுக்குள்ள ரூட் அட் பையாவே இருக்கும், வாசல் தாண்டும்போது உங்க நிஜ முகவரி ஆகும். நமக்கு வேண்டியது இதுதான். இடப்பக்கம் வீட்டு முகவரி, வலப்பக்கம் வெளி முகவரி. எழுதி முடிச்சு போஸ்ட்மேப் ஓட்டணும், ஓட்டினாதான் மாற்றம் எடுபடும். வெளியே மெஷின் பேர் மறைஞ்சிடுறதால, அதை சப்ஜெக்ட்ல வர்ற மாதிரி வச்சுக்கோங்க.

கடைசியா ஏலியாசஸ் கோப்பு. ரூட்டுக்கு வர்றதை உங்க போன்ல பார்க்கிற முகவரிக்குத் திருப்புங்க, நியூஏலியாசஸ் ஓட்டுங்க. இல்லைன்னா எச்சரிக்கை எல்லாம் லேப்டாப்புக்குள்ளயே யாரும் திறக்காத பெட்டியில குவியும்.

சோதனை முக்கியம். போஸ்ட்மேப்-க்கு மைனஸ் க்யூ கொடுத்து வீட்டு முகவரியைக் கேட்டா, மாறின முகவரியைச் சொல்லணும். போஸ்ட்க்யூ மைனஸ் பி கொடுத்தா தேங்கி நிக்கிற மெயில் தெரியும். ஸ்மார்ட்-டி கோப்புல மைனஸ் எம் டெஸ்ட் சேர்த்தா, தொடங்கும்போதே ஒரு சோதனை மெயில் அனுப்பும்.

இதுல ஒரு சிக்கல் மிச்சம் இருக்கு. மெயில் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தமா, இல்ல வழி அடைஞ்சிருக்கா? ரெண்டும் வெளியில ஒரே மாதிரிதான் தெரியும். அதனால ஒவ்வொரு மெஷின்லயும், ஞாயித்துக்கிழமை காலையில "நலம்"னு ஒரே வார்த்தை அனுப்புற மாதிரி ஒரு கிரான் போட்டு விடுங்க. அந்த மெயில் வராத ஞாயித்துக்கிழமை, முதல்ல லாக்கைத் திறந்து பாருங்க.