இளைப்பும் மனச்சோர்வும்: வணிகர்கள் கவனத்திற்கு

பெரம்பலூரில் மக்காச்சோளம், பருத்தி. அரியலூரில் சுண்ணாம்புக்கல், சிமெண்ட். நம் இரு மாவட்டத்து வியாபாரமும் தூசியோடுதான் நடக்கிறது. மிளகாய் மூட்டையைப் பிரிக்கும்போது தும்மாதவர் நம்மில் யார்? பல வருடம் அந்தக் காற்றைச் சுவாசித்து, பீடி சிகரெட் பழக்கமும் சேர்ந்துகொண்டால், வயதான காலத்தில் தீராத இளைப்பு வந்து சேர்கிறது.

நம் நண்பர் ஒருவர், மொத்த வியாபாரி, இளைப்பால் மூன்று முறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தார். வீடு திரும்பியதும் பழைய பாக்கிகளையெல்லாம் தீர்த்தார். கல்லாச் சாவியை மகனிடம் கொடுத்தார். "பொறுப்பான மனிதர்" என்று நாமும் பாராட்டினோம். ஒரு மாலை அவர் வீட்டில் போய் உட்கார்ந்தபோதுதான், "எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன், இருந்து என்ன பயன்?" என்றார். நமக்குப் பகீரென்றது. "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா அண்ணாச்சி?" என்று நேராகவே கேட்டோம். ஆம் என்று தலையசைத்து அழுதார். அன்றிரவு அவரைத் தனியே விடவில்லை. அவர் சம்மதத்தோடு மகனிடம் சொல்லி, மறுநாளே மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இன்று காலையில் இரண்டு மணி நேரம் கடையில் உட்காருகிறார்.

இது ஒருவர் கதை மட்டுமல்ல. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களுக்குத் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்று டென்மார்க் நாட்டு ஆய்வு ஒன்று 2014-ல் தெரிவித்தது. அடிக்கடி சேர்க்கப்பட்டவர்களுக்கும், அண்மையில் சேர்க்கப்பட்டவர்களுக்கும் அபாயம் கூடுதல். காரணம் புரியாததல்ல. மூச்சு முட்டும்போது மரண பயம், இரவில் தூக்கமில்லை, உழைத்த கை சும்மா இருக்கிறது. இதில் மனச்சோர்வு பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதற்கும் வைத்தியம் உண்டு. இளைப்புக்கு மருந்து வாங்கும்போதே மனநிலையையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று தயங்க வேண்டாம். அன்போடு கேட்பது பாரத்தைக் குறைக்கவே செய்யும். 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற அரசு தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அந்த எண்ணைக் கல்லாப்பெட்டி மேல் எழுதி ஒட்டி வையுங்கள்.

வசூலுக்கு நான்கு முறை நடக்கிறோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சக வியாபாரியை அந்த வாரமே ஒருமுறை பார்க்கப் போகக் கூடாதா?