கரிக்குழியில் புதைந்த பெயர்கள்

இளங்கலை மூன்றாம் ஆண்டு, வரலாற்றுத் துறை

மன்னரின் பெயரைக் கல்வெட்டு காக்கிறது. புலவரின் பெயரை ஏடு காக்கிறது. மண்ணுக்கடியில் உழைத்து மண்ணோடு மண்ணான எளிய மனிதனின் பெயரை எது காக்கிறது? இந்தக் கேள்வி என்னுள் எழுந்தது எங்கள் வகுப்பறையில்தான்.

இங்கிலாந்து வரலாற்றுப் பாடத்தில் தொழிற்புரட்சியை நடத்திக்கொண்டிருந்த எங்கள் பேராசிரியர், "நீராவி இயந்திரத்தைக் கண்டவர் பெயரைச் சொல்லுங்கள்" என்றார். வகுப்பே ஒரே குரலில் சொன்னது. "அந்த இயந்திரத்துக்குக் கரி வெட்டித் தந்த ஒருவர் பெயரைச் சொல்லுங்கள்" என்றார் அடுத்து. வகுப்பு வாயடைத்துப் போனது.

எனக்கு அந்த மௌனம் உறுத்தியது. என் பாட்டியின் தந்தை கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. "ஒரு நாள் கீழே போனவர் மேலே வரலை" என்று பாட்டி சொல்வார். அதற்கு மேல் எங்கள் வீட்டில் எவருக்கும் எதுவும் தெரியாது. ஆண்டு தெரியாது, காரணம் தெரியாது, புகைப்படமும் இல்லை. ஆகவே, பிரிட்டனில் கரிச்சுரங்கத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரை எவ்வாறு தேடிக் கண்டடைகிறார்கள் என்பதைப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தேடலின் தொடக்கம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை முதல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் அரசே பதிவு செய்து வருகிறது. திருமணச் சான்றில் மணமக்கள் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். ஆகவே ஒரு சான்றைக் கொண்டு இரண்டு குடும்பங்களில் ஒரு தலைமுறை பின்னே செல்லலாம். இறப்புச் சான்றில் வயது, தொழில், இறப்பின் காரணம் ஆகியவை இருக்கும்.

அடுத்த துணை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் இக்கணக்கில் 1841 முதல் ஒவ்வொருவர் பெயரும் முறையாக எழுதப்பட்டது. 1851 முதல் பிறந்த ஊரும் சேர்ந்தது. நூறாண்டுகள் கழிந்த பின்னரே ஏடுகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் தருவார்கள். 1921 ஆம் ஆண்டின் கணக்கு 2022 இல்தான் திறக்கப்பட்டது.

அவ்வேடுகளில் தொழிலாளி என்று பொதுவாக எழுதாமல், அவன் செய்த வேலையின் பெயரையே பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். 'ஹூயர்' என்றால் கரிமுகத்தில் கரியை வெட்டுபவன். 'புட்டர்' என்றால் கரி நிறைந்த தொட்டிவண்டியைத் தள்ளும் இளைஞன். 'டிராப்பர்' என்றால் வண்டி வரும்போது காற்றுக் கதவைத் திறந்து, அது போனபின் மூடும் சிறுவன். சுரங்கத்தினுள் காற்று சரியான வழியில் ஓட அக்கதவுகள் மூடியிருந்தாக வேண்டும். அதற்காக அச்சிறுவன் நாள் முழுவதும் இருட்டில் தனியே உட்கார்ந்திருப்பான். ஒரே மனிதனைப் பத்தாண்டுக்கு ஒருமுறை ஏட்டில் தொடர்ந்தால், டிராப்பராக இறங்கியவன் புட்டராகி, ஹூயராகி, முதுமையில் தரைக்கு மேலே கரி பொறுக்கும் வேலைக்குத் திரும்புவதையும் காணலாம். ஒரு வாழ்க்கை முழுவதும் நான்கைந்து சொற்களில் அடங்கிவிடுகிறது!

இன்னொரு நுட்பமும் உண்டு. நார்தம்பர்லாந்து, டர்ஹாம் பகுதிகளில் சுரங்கத் தொழிலாளர் ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு வேலை செய்தனர். ஒப்பந்தம் முடிந்ததும் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு சுரங்கத்துக்குப் போய்விடுவது வழக்கம். அவர்களை எங்கே தேடுவது? பிள்ளைகளின் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும். மூத்தவன் ஓர் ஊரில் பிறந்திருப்பான். அடுத்தவள் வேறோர் ஊரில். கடைக்குட்டி மூன்றாவது ஊரில். பிள்ளைகளின் வயதையும் ஊரையும் வரிசையாக எழுதினால் தந்தை எந்த ஆண்டில் எந்தச் சுரங்கத்தில் இருந்தான் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் அங்கும் உண்டு. வேல்ஸ் பள்ளத்தாக்கில் ஒரே தெருவில் ஒரே பெயருடைய ஜோன்ஸ்கள் பலர் இருப்பார்கள். பெயர் ஒத்தது என்பதற்காக எவரையும் பாட்டனாக ஏற்றுக்கொள்ளலாகாது. வயது, ஊர், தொழில், மனைவி பெயர் ஆகியவையும் ஒத்துவர வேண்டும்.

விபத்துகள் விட்டுச்சென்ற ஏடுகள்

ஏழையின் வாழ்வை எவரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் அவன் சாவு சிலவேளை எழுதப்படுகிறது. சுரங்க வரலாற்றில் இது கசப்பான உண்மை.

1838 ஜூலை 4 ஆம் நாள் யார்க்‌ஷயரில் சில்க்ஸ்டோன் ஊரருகே உள்ள ஹஸ்கர் சுரங்கத்தில் இடிமழையினால் ஆட்களை மேலேற்றும் இயந்திரம் நின்றது. கீழே இருந்த பிள்ளைகள் சரிவான பக்கவழியில் வெளியேற முயன்றார்கள். பெருக்கெடுத்த ஓடை அவ்வழியில் பாய்ந்தது. காற்றுக் கதவை எதிர்த்துத் திறக்க முடியாமல் 26 பிள்ளைகள் மாண்டனர். அவர்களுள் 11 பேர் சிறுமியர். மிக இளைய பிள்ளையின் வயது ஏழு. சில்க்ஸ்டோன் தேவாலயத்து நினைவுச்சின்னத்தில் அவர்கள் பெயரும் வயதும் பொறிக்கப்பட்டுள்ளன. பின்னர் அமைந்த அரசு விசாரணைக் குழு சுரங்கப் பிள்ளைகளை நேரில் கண்டு அவர்கள் வாய்மொழியை எழுதிக்கொண்டது. 1842 ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரையும் சுரங்கத்துக்குள் அனுப்புவதைத் தடை செய்தது. அன்று அக்குழு எழுதிய சாட்சியங்களில் தம் முன்னோரின் குழந்தைக் குரலை இன்று படிப்பவர்கள் உண்டு.

1850 ஆம் ஆண்டுச் சட்டம் அரசுச் சுரங்க ஆய்வாளர்களை நியமித்தது. உயிர்ச்சேதம் நேர்ந்தால் முதலாளி அறிவித்தாக வேண்டும். ஆய்வாளரின் ஆண்டறிக்கைகளில் இறந்தவர் பெயர், வயது, வேலை, காரணம் ஆகியவை பட்டியலாக வந்தன. அப்பட்டியல்களைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. நூற்றுக்கணக்கானோரை ஒருசேரக் கொன்ற வெடிப்புகளே செய்தியாயின. ஆனால் மேற்கூரை சரிந்தும் வண்டி மோதியும் ஒருவர் இருவராக இறந்தவர்களே மொத்தத்தில் மிகுதி. அவர்களுக்கு நினைவுத்தூண் இல்லை. அந்தப் பட்டியல் வரி மட்டுமே உண்டு.

1862 ஜனவரி 16 அன்று நார்தம்பர்லாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் நடந்தது வேறு வகை. அங்கே வெடிப்பு இல்லை, தீ இல்லை. நீரிறைக்கும் இயந்திரத்தின் பெரிய வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்து இறங்குகுழிக்குள் விழுந்தது. பக்கவாட்டு மரங்களையும் பெயர்த்துக்கொண்டு போய்க் குழியை அடைத்தது. அச்சுரங்கத்துக்கு அந்த ஒரு குழிதான் வாயில். ஆளும் கரியும் காற்றும் நீரும் அதே வழிதான். வேலை மாறும் நேரமாதலால் இரு முறை ஆட்களும் உள்ளே இருந்தார்கள். ஆறு நாள் போராடி உள்ளே சென்றவர்கள் கண்டது நச்சுக்காற்றில் மாண்ட உடல்களை. மொத்தம் 204 பேர். அவர்களிடையே கிடைத்த ஒரு குறிப்பேட்டில், அடைபட்டிருந்தவர்கள் கூடி வழிபாடு நடத்திய செய்தி எழுதியிருந்தது. கணவரை இழந்து ஒரு மாதமே ஆகியிருந்த விக்டோரியா அரசி ஆறுதல் செய்தி அனுப்பினார். அதே ஆண்டு சுரங்கங்களுக்கு இரண்டு வாயில்கள் வேண்டும் என்று சட்டம் வந்தது. இரண்டாவது குழி தோண்டும் செலவை மிச்சம் பிடித்ததற்கு 204 குடும்பங்கள் விலை கொடுத்தன.

பிரிட்டனின் மிகப் பெரிய கரிச்சுரங்க விபத்து 1913 அக்டோபர் 14 இல் வேல்ஸின் செங்கனித் ஊரில் நடந்த வெடிப்பு. 439 தொழிலாளரும் மீட்க வந்த ஒருவரும் இறந்தனர். அதே சுரங்கத்தில் 1901 இல் 81 பேர் வெடிப்பில் மாண்டிருந்தனர். பின்னர் நடந்த வழக்குகளில் மேலாளருக்கு 24 பவுண்டும் நிறுவனத்துக்கு 10 பவுண்டும் அபராதம் விதிக்கப்பட்டன. மேலாளரின் அபராதத்தை வகுத்துப் பார்த்தால் ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங்குக்குச் சற்று மேல்!

எண்ணிக்கையும் பெயரும்

1866 டிசம்பரில் யார்க்‌ஷயரின் ஓக்ஸ் சுரங்கம் வெடித்தது. மறுநாள் மீட்புக்கு இறங்கியவர்களில் 27 பேரை இரண்டாம் வெடிப்பு கொன்றது. இறந்தவர் 361 என்றே நூறாண்டுக்கு மேலாக எழுதி வந்தார்கள். 2016 இல் தன்னார்வலர்கள் பழைய ஏடுகளை மீண்டும் புரட்டி எண்ணிக்கை 383 என்று கண்டனர். இருபத்திரண்டு மனிதர்கள் 150 ஆண்டுகள் கணக்கிலேயே இல்லாதிருந்தார்கள். இத்தேடல் வீண்வேலையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பிரிட்டனின் கடைசி ஆழ்நிலைக் கரிச்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. ஆயினும் பெயர்களைத் தேடும் பணி நின்றபாடில்லை. டர்ஹாம் சுரங்க அருங்காட்சியகம் இறந்தோர் பட்டியலைத் தொகுத்து வைத்துள்ளது. செங்கனித்தில் நூற்றாண்டு நாளில் வேல்ஸ் முழுமைக்குமான சுரங்க நினைவிடம் திறக்கப்பட்டது.

என் வீட்டுத் தேடல்

இவ்வளவும் படித்தபின், சென்ற விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் பாட்டியின் எதிரே உட்கார்ந்தேன். "உங்க அப்பா எந்த வருஷம் இறந்தாரு பாட்டி?" என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும். ஆகவே பிள்ளைகளின் பிறப்பைப் பற்றிக் கேட்டேன். "உங்க கடைசித் தம்பி அப்ப பிறந்திருந்தாரா?"

பாட்டி சற்று யோசித்தார். "இல்லப்பா. அவன் அம்மா வயித்துல இருந்தான். அப்பா போன மூணாம் மாசம் பிறந்தான்."

அந்தத் தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ் பெட்டியடியில் கிடைத்தது. பிறந்த ஆண்டு 1954 என்றிருந்தது. அக்காலத்தில் தலைமையாசிரியர் உத்தேசமாகப் போட்ட தேதியாகவும் இருக்கலாம். ஓராண்டு முன்பின் தள்ளியே கொள்ள வேண்டும். ஆனாலும் எதுவுமே இல்லாத இடத்தில் ஓர் ஆண்டு கிடைத்திருக்கிறது. பாட்டனார் பெயரையும், அவருடைய தந்தை பெயரையும், அவர் புறப்பட்டு வந்த ஊரையும் அன்றே எழுதிக்கொண்டேன். இனிப் பழைய நாளிதழ்களைப் பார்க்க வேண்டும். இறப்புப் பதிவேட்டைக் கேட்க வேண்டும்.

நண்பர்களே, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஆலையிலோ, தோட்டத்திலோ, துறைமுகத்திலோ, சுரங்கத்திலோ உழைத்து மறைந்திருப்பார். அவரை அறிந்த முதியவர் இன்று நம் திண்ணையில் இருக்கிறார். நாளை இருப்பார் என்பது உறுதியில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஆண்டைக் கேட்காதீர்கள், அப்போது யார் பிறந்திருந்தார்கள் என்று கேளுங்கள்.