பச்சை அட்டையும் பிறந்த மண்ணும்

வா என்றழைக்கிறது அமெரிக்கா. வந்தவனை வாசலிலேயே நிறுத்துகிறது! நிலையாகக் குடியிருக்கப் பச்சை அட்டை வேண்டுமாம். விண்வெளிப் பொறியியல் ஆராய்ச்சியாளர் ஒருவர் வழக்கிலே 2016-ல் தீர்ப்புக் கிடைத்தது: ஆராய்ச்சி நாட்டுக்குப் பயன்படுமானால், ஆற்றலும் இருக்குமானால், வேலை தரும் முதலாளி இல்லாமலே விண்ணப்பிக்கலாம் என்று. நல்ல தீர்ப்புதான், நாம் மறுக்கவில்லை.

ஆனால் தோழர்களே, தகுதியை ஒப்பிய பிறகு கேட்கிறார்கள், எங்கே பிறந்தாய் என்று! 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலைவழி இடங்கள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. மனைவி மக்களும் அதிலேயே அடக்கம். ஒரு நாட்டில் பிறந்தவர்க்குப் பொதுவாக நூற்றுக்கு 7. ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. சமத்துவமாம்! கனடாவின் குடிமகனாகவே ஆனாலும் பிறந்த மண் விடாது. பத்தாண்டுக்கு மேலும் காத்திருக்கிறான் இந்தியாவில் பிறந்த ஆராய்ச்சியாளன். அதற்குள் சட்டக் கணக்கில் 21 வயதைத் தாண்டிவிட்டால், கைக்குழந்தையாக வந்த மகனின் பெயர் தகப்பன் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடுகிறது.