இரண்டு முக்கோணங்களைத் தாண்டி

"ஒரு மலை வரையுங்கள்" என்று சொன்னால், பெரும்பாலான குழந்தைகள் இரண்டு முக்கோணங்களை வரைந்து நடுவில் பாதிச் சூரியனை வைப்பார்கள். மலையடிவாரக் கிராமத்துக் குழந்தைகளும் இதையேதான் வரைகிறார்கள். சன்னலுக்கு வெளியே நிற்கும் மலை அவர்கள் தாளில் வருவதில்லை. ஓவிய ஆசிரியரான என்னை இது நெடுநாள் உறுத்தியது. தன் கண்ணை நம்பாமல் மனப்பாடமான வடிவத்தை நம்பும் பழக்கம் ஓவிய வகுப்போடு நின்றுவிடாது. அறிவியல் உற்றுநோக்கலிலும் கட்டுரை எழுதுவதிலும் தொடரும்.

எண்ணெய் வண்ணத்தில் ஒரு மலைக்காட்சியை வரையக் கற்றபோது இதற்கு வழி கிடைத்தது. ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் (1774–1840), 1824–25இல் வரைந்த 'வாட்ஸ்மான்' ஓவியத்தின் அச்சுப்படத்தை மாதிரியாக வைத்துக்கொண்டேன்.

போகாத மலை

வாட்ஸ்மான், ஜெர்மனியின் ஆல்ப்ஸ் பகுதியில் உள்ள 2,713 மீட்டர் உயரச் சிகரம். ஃபிரீட்ரிக் ஆல்ப்ஸுக்குச் சென்றதே இல்லை. தம் மாணவர் ஆகஸ்ட் ஹைன்ரிக் வரைந்த நீர்வண்ணப் படத்தைக் கொண்டு சிகரத்தை அமைத்தார். அதன்முன் நிற்கும் பாறையை, ஹார்ஸ் மலைப்பகுதியில் தாமே வரைந்து வைத்திருந்த குறிப்போவியத்திலிருந்து எடுத்தார். ஓவியத்தில் மனிதர் எவரும் இல்லை. இயற்கையின் முன் நாம் எவ்வளவு சிறியவர்கள் என்ற வியப்பை எழுப்புவது ரொமான்டிக் இயக்க ஓவியர்களின் நோக்கங்களில் ஒன்று. முழுக் காட்சி கற்பனைதான்; ஆனால் அதன் பகுதிகள் உற்றுப் பார்த்து வரையப்பட்டவை.

தொலைவின் நிறம்

இத்தகைய காட்சியைப் பின்னாலிருந்து முன்னால் வரைவது எளிது: முதலில் வானம், பிறகு தொலைமலை, நடுக்குன்றுகள், கடைசியில் அருகிலுள்ள பாறை. தொலைவு கூடக்கூட நிறம் வெளிறி நீலம் சாயும், ஓரங்கள் மங்கும். நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதே காரணம். வானம் நீலமாகத் தெரிவதும் இதனால்தான். குன்றின் பச்சையில் சிறிது நீலமும் வெள்ளையும் கலந்ததும், அது கண்முன்னே பின்வாங்கி நின்றது.

காத்திருத்தல்

எண்ணெய் வண்ணத்தில் உள்ள ஆளிவிதை எண்ணெய், நீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து இறுகுகிறது. ஓர் அடுக்கு காயப் பல நாட்கள் ஆகலாம். அடியடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலடுக்கில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறிவிட்டால், மெதுவாகக் காயும் அடியடுக்கின்மேல் முன்னதாக இறுகிய மேலடுக்கு வெடிக்கும். இந்தக் காத்திருப்பு வீணல்ல. அடுத்து என்ன வரைவது என்று படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைத்தது.

வகுப்பறையில்

எண்ணெய் வண்ணம் விலை கூடியது. டர்பன்டைன் ஆவி குழந்தைகளுக்கு ஏற்றதும் அல்ல. நீர்வண்ணமே போதும்.

1. மலையோ மரவரிசையோ, தொலைவில் தெரியும் ஒன்றைக் காலையிலும் மாலையிலும் ஐந்து நிமிடம் பார்க்கச் செய்து, கண்ட நிறங்களை எழுதச் சொல்லுங்கள்.

2. ஒரே வண்ணத்தில் நீரின் அளவை மாற்றி, வெளிறியது, நடுத்தரம், அடர்த்தி என மூன்று பட்டைகள் தீட்டச் செய்யுங்கள்.

3. வெளிறிய பட்டை தொலைமலை. அது காய்ந்தபின் நடுக்குன்று. கடைசியாக அடர்த்தியான முன்தளம்.

அறிவியல் ஆசிரியர் ஒளிச்சிதறலை இதே பாடவேளையில் விளக்கலாம்; தமிழாசிரியர் குழந்தைகள் எழுதிய நிறக்குறிப்புகளை வருணனைப் பத்தியாக வளர்க்கலாம்.

இந்தப் பயிற்சிக்குப் பிறகு ஒரு மாணவி, "சார், மலை பச்சையாவே இல்லையே!" என்றாள். அவள் படத்தில் கோடுகள் கோணலாகத்தான் இருந்தன. ஆனால் மலை அவள் பார்த்த மலை. மதிப்பிடும்போது "அழகாக இருக்கிறதா?" என்பதற்கு முன், "இதில் நீ எதைப் பார்த்து வரைந்தாய்?" என்று கேட்போம். வரைய வராது என்று ஒதுங்கும் குழந்தையிடமும் அதற்குப் பதில் இருக்கும்.