பந்தியில் ஒரு பாடம்

பாபநாசத்தில் மலையை விட்டிறங்கும் தாமிரபரணி, விக்கிரமசிங்கபுரத்தைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போகிறது. வழியில் சேரன்மாதேவி. அங்கே 1922-ல் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் தொடங்கினார். பல ஜாதிப் பிள்ளைகள் சேர்ந்து படித்தார்கள். ஆனால் எல்லோரும் சேர்ந்து உண்ணவில்லை! பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும், பெற்றோர் விருப்பப்படி, தனி இலை. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ராமசாமியும் கண்டித்தார்கள், தமிழ்நாடே கொந்தளித்தது. 1925-ல் ஐயர் பொறுப்பைத் துறந்தார். அதே ஆண்டு பாபநாசம் அருவியில் மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய் அவரும் மாண்டார்.

பாடத்தில் 'யாவரும் சமம்' என்று சொல்லிவிட்டுப் பந்தியில் பிரித்தால், குழந்தை எதை நம்பும்? கண்ணால் கண்டதைத்தானே! 1956-ல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவு, பசியாற்றியதோடு பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்காரவும் வைத்தது.

சகோதரிகளே, நம் வீட்டுப் பந்தி எப்படி? நம் மகளும் வேலைக்காரியின் மகளும் ஒன்றாக விளையாடுகிறார்கள். முறுக்கு வந்ததும் ஒருத்தி கூடத்திலும் மற்றவள் கொல்லைப்புறத்திலும் என்றால், இருவருமே தவறான பாடம் படிக்கிறார்கள். பங்கு போடும் வேலையைக் குழந்தையிடமே கொடுங்கள். பிரித்தவள் கடைசியில் எடுத்துக்கொள்ளட்டும்; பங்கு தானே சரியாக விழும்!