பருத்தியும் புழுவும்

காய்ப்புழுவுக்கு மருந்தடித்தே கடனாளியான பருத்திக் குடியானவர்கள் நம் தேசத்தில் அநேகர். 2002-ம் வருஷம் பி. டி. பருத்திக்கு அனுமதி கிடைத்ததும் அவர்கள் அதை ஆவலோடு வாங்கியதில் ஆச்சரியமில்லை. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவைச் செடியில் புகுத்தியிருப்பதால், இலையும் காயுமே புழுவுக்கு விஷமாகி விடுகின்றன. மருந்துச் செலவு குறைந்தது, மகசூலும் பெருகிற்று.

ஆனால் புழு சும்மா இருக்குமா? அவ்விஷத்தைத் தின்றும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பிழைக்கக் கற்றுவிட்டதென்பது 2010-ல் குஜராத்தில் வெளியாயிற்று. வயலோரத்தில் சாதாரணப் பருத்தியும் சிறிது விதைத்திருந்தால் இது தாமதப்பட்டிருக்குமாம். இரண்டு ஏக்கர்க்காரனுக்கு இந்த உபதேசம் செய்வது சுலபந்தான்!

நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. இங்கே விற்பவை பெரும்பாலும் கலப்பின விதைகள். எடுத்து வைத்து விதைத்தால் மறுவருஷம் அதேபோல் விளையா. ஆகவே, மழை பொய்த்த வருஷத்திலும் குடியானவன் விதைக்கடைக்குப் பணத்தோடு போயாக வேண்டும்.